சுக்காய்க் காய்ந்த சாக்பீஸ்

மஞ்சூரில் ஆடி மாதம்
கரும்பலகைக்கும் வியர்க்கும்.
பித்தாகரஸ் எழுதினால்
பாதி முக்கோணம் வழிந்து இறங்கும்.
எட்டாம் வகுப்பு பி பிரிவு சிரித்தது.
டஸ்டரால் மேசையை அடித்தேன்.
அமைதி வந்தது,
பலகைப் பக்கம் திரும்பியதும் போனது.

எனக்கு அவர்கள்
ஒன்று முதல் முப்பத்தாறு.
பதினேழு எழுந்து கேட்டான்:
"சாக்பீஸ் டப்பாவ ராத்திரிக்குக் குடுங்க சார்."
திருடவோ என்று ஒரு கணம்.
பிறகு, என்னவோ, கொடுத்தேன்.

காலையில் கொண்டுவந்தான்.
சுக்காய்க் காய்ந்திருந்தது.
தேயிலை வாசம்.
ஃபேக்டரி டிரையர் பக்கம்
நைட் ஷிப்ட் அம்மா
சாப்பாட்டுத் தூக்கோடு வைத்திருந்தாளாம்.
"பேரென்னடா?"
கேட்டபின் எனக்கே கூசியது.
"தவயோகன் சார்."

அன்று கணக்கு நடக்கவில்லை.
யார் வீட்டுக் கேரட்டைக் காட்டுப்பன்றி தின்றது,
யார் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பது,
என் அருப்புக்கோட்டைப் பேச்சை
நான் இல்லாதபோது
யார் நடித்துக் காட்டுவது
(தவயோகன்தான்).

சத்தம் இன்னும் உண்டு.
தலைமையாசிரியர் வாசலில் நின்று இருமுகிறார்.
பலகையைப் பார்த்தபடியே,
அதில் ஒரு குரல் குறைகிறது எனக்கு.
"கிருபாஷினி வரலையா?"
"எடக்காடு பஸ் வரல சார்."