ரோஸ் நிறம்

ஆறரைக்கு முன்பே ஐஸ் பெட்டியை ஏற்றிவிடுவேன்.
உள்ளே பன்னிரண்டு போத்தல்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு மருந்து:
குளோரினின் வாயை அடைக்க,
நீருக்குள் ஒளிந்திருப்பது
ஆய்வுகூடம் வரும்வரை உயிரோடிருக்க.

சாரதி பிரசன்ன மருதானைச் சந்தியில்
ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறான்.
என் மடியில் கொப்பி. இன்றைய குழாய்கள்.

குழாயிடம் முறையாகப் போகவேண்டும்.
துணியால் துடைத்து,
ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி அதன் வாயைச் சுட்டு,
பிறகு இரண்டு நிமிடம் ஓடவிட்டு.
அந்த இரண்டு நிமிடத்தில்தான் சண்டை.
"மிஸ், இதுக்கு பில் யார் கட்டுற?"

சின்னக் குப்பியில் பத்து மில்லிலீற்றர்,
ஒரு வெள்ளைக் குளிசை.
குலுக்கினால் வெட்கப்பட்டதுபோல் ரோஸாகும்.
ஆனால் சரி.
களனி கங்கையில் அள்ளி, படிகாரம் போட்டு,
மணலில் வடித்து, மேட்டுத் தொட்டியில் ஏற்றி அனுப்பியவர்கள்
கடைசி வீடு வரை
கூடவே நடந்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கறுவாத்தோட்டத்தில் நல்ல ரோஸ்.
புள்ளி நாலு என்று எழுதினேன்.
வீட்டுக்காரம்மா சிரித்தார்:
"இதை நாங்க வாயில வைக்கிறதே இல்லையே."
குசினி மூலையில் நீலப் போத்தல்கள், ஆளுயரத்துக்கு.
நாய்க்கும் அதுதானாம்.
அன்றைக்கு நான் கண்ட திருத்தமான தண்ணீர்
அந்தூரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது போத்தல் கிராண்ட்பாஸில்.
பெரிய லைன் சிறிதாகி, சிறிது இன்னும் சிறிதாகி,
கானுக்குப் பக்கமாய்ப் படுத்து
முட்டுச்சுவரில் முடிகிற தோட்டம்.
பதினாறு வீட்டுக்கு ஒரு பைப்பு.
வரிசையில் வாளிகள்,
அவரவர் பெயர் நெயில்பொலிஷில்.

குளிசை போட்டேன். குலுக்கினேன்.
இன்னொன்று போட்டேன்.
ரோஸாக வேண்டியது
பச்சைத் தண்ணீராகவே நின்றது.

பளீலா ராத்தா வாளியை நகர்த்தியபடி சொன்னார்:
"முந்தி ஒரே மருந்து மணம், புள்ளைகள் குடிக்கவே மாட்டா.
இப்ப ஒரு கெழமையா
மணமே இல்ல. தேன் மாதிரி ஈக்கி."

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
முடிவு வர ஒரு நாள்.
முடிவைச் சொல்ல மேலே ஆட்கள்.
"கொதிக்க வச்சுக் குடிங்க ராத்தா" என்றேன்,
எல்லாரிடமும் எப்போதும் சொல்வதுபோல.
"கேஸ் விக்கிற விலைக்கா?"
கேட்டுக்கொண்டே ஒரு கிளாஸை நிரப்பி நீட்டினார்,
வெயிலில் வந்த பிள்ளை என்று.

கிளாஸின் அடியில் அச்சடித்த பூ
இதழ் இதழாகத் தெரிந்தது.
தெளிவைக் கண்டு நம்பாதே என்று
முதல் வாரமே படிப்பித்திருந்தார்கள்.
நீட்டிய தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க
ஒருவரும் படிப்பிக்கவில்லை.
குடித்தேன்.

மறுநாள் தட்டில் மஞ்சள் புள்ளிகள்.
பென்சில் முனையால் எண்ணினேன், முப்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.
முப்பத்திரண்டு.

வெள்ளிக்கிழமை தோண்டினார்கள்.
துருப்பிடித்த வளைவில் ஒரு விரல் நுழையும் வெடிப்பு.
தண்ணீர் வெட்டிய இரவுகளில்
பைப்பு கானைக் குடித்திருக்கிறது.

மாற்றி, கழுவி, மூடியபின்
நான் மறுபடி போனேன்.
ரோஸ். கொஞ்சம் கூடவே ரோஸ்.
ராத்தா முகத்தைச் சுளித்தார்:
"உங்கட ஆக்கள் வந்து தோண்டினதில இருந்து
தண்ணி நாறுது மகள்."
"நாறட்டும் ராத்தா" என்றேன். அவருக்குக் கோபம்.

படியில் அவருடைய சின்னவன், ஸ்கூலுக்குப் போகாமல்.
நாலு நாளா வயிறு, என்றார்,
இந்த வெயிலுக்கு.

நானும் இடையில் இரண்டு நாள் லீவு.
படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில்
சொந்த அலுவல் என்று எழுதியிருந்தேன்.