நான்காவது குவியல்

மூன்று குவியல் என்றுதான் தொடங்கினேன்.
வைத்துக்கொள்ள, கொடுத்துவிட, தூக்கிப்போட.
சனிக்கிழமை காலை ஒன்பது மணி.
பெர்கனில் வழக்கம்போல மழை,
டிசம்பர், ஜன்னலில் இன்னும் விடியவில்லை.
பத்தரைக்கெல்லாம் நான்காவதாக ஒன்று முளைத்திருந்தது.
அதற்குப் பெயர் அப்புறம்.
மற்ற மூன்றையும் தின்று அது கொழுத்தது.

முதலில் நாற்காலி.
துவைக்கும் அளவுக்கு அழுக்கில்லை,
மடித்து உள்ளே வைக்கும் அளவுக்குச் சுத்தமுமில்லை.
இப்படித் திரிசங்காக நின்ற துணிகளெல்லாம்
ஏறி உட்கார்ந்திருந்த நாற்காலி.
வெங்காயம்போல உரித்துக்கொண்டே போனேன்.
அடியில் பச்சை.
கடையில் நின்று, சாம்பலா பச்சையா என்று
ஹால்வரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி
நான் ஜெயித்த பச்சை.
நிறத்தையே மறந்துபோயிருக்கிறேன், பாருங்கள்.

இழுப்பறையில்
எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாத பதினொரு சாவிகள்.
செத்துப்போன போன்களின் தொப்புள்கொடிகள், ஒரு பந்தாக.
என்றோ விற்றுவிட்ட சலவை இயந்திரத்தின் கையேடு, ஆறு மொழிகளில்.
ஓட்டல் ஓட்டலாகச் சுருட்டி வந்த குளியல் தொப்பிகள்,
ஒருநாளும் தலையில் மாட்டியதில்லை.
ஒற்றைக் காலுறைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன்.
விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது
யாரும் கூப்பிடாத பிள்ளைகள்போல
ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்தன.

கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்தேன். தரை கத்தியது.
எலிக்குஞ்சு அளவில் தூசி உருண்டைகள்,
நடுவே ஆரஞ்சு நிறக் காதடைப்பான் ஒன்று.
இன்னொன்று.
எண்ணினேன், பதினேழு.
அவன் குறட்டைக்குப் பயந்து
ஒவ்வோர் இரவும் செருகிக்கொண்டவை.
தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன்.
எதைக் கேட்கவோ.

அதற்கும் பின்னால், சுவரோரம், அந்த இயந்திரம்.
தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு
ஆஸ்பத்திரியில் கொடுப்பது.
குழாய், முகமூடி, நெகிழ்ந்துபோன ரப்பர் பட்டை.
ஸ்டவாங்கருக்குப் போனபோது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான்,
சத்தமே வராத ரகமாம்.
அங்கே இருப்பவளுக்கு மென்மையான தூக்கம்போல.
இது இரவல் பொருள்.
வைத்துக்கொள்ள முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது,
தூக்கிப்போடவும் கூடாது.

செருகினேன். பொத்தானை அழுத்தினேன்.
முகமூடி தரையில் மல்லாந்து கிடந்தபடி
அறைக்கு மூச்சு கொடுத்தது.
ஒரு தூசி உருண்டை மெல்ல நகர்ந்தது.
ஒரு நிமிடம்தான் ஓடவிட்டேன்.
ஐந்தாகவும் இருக்கலாம்.

கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு யோஃப்ரிட், கையில் காபிக் குவளையோடு.
"காலையிலிருந்து கடமுடா கடமுடா.
வீட்டைக் காலி செய்கிறாயா, குடிபோகிறாயா?"
"இல்லை, குடிவருகிறேன்."
அவள் சிரிக்கவில்லை.
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"அந்தப் பச்சை நாற்காலி வேண்டாமென்றால்..."
"வேண்டும்."

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
இரண்டு மூட்டைகளை மழையில் இழுத்துப்போய்
பேருந்து நிறுத்தத்துத் துணிப்பெட்டியின் வாயில் திணித்தேன்.
ஒரு கை நீலச் சட்டை வெளியே தொங்கியது.
திரும்பி வந்து அதையும் உள்ளே தள்ளினேன்.

இரவு.
கட்டில் இப்போது ஜன்னல் பக்கம்.
இயந்திரம் வாசலருகே, பையில்,
செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறது.
நான்காவது குவியலை அப்படியே பெட்டியில் போட்டு
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
மேலே பேனாவால் எழுதியிருக்கிறேன்: மார்ச்.
மார்ச்சில் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போட்டிருந்த சட்டையைக் கழற்றினேன்.
அழுக்கா? அவ்வளவில்லை.
சுத்தமா? சொல்ல முடியாது.
நாற்காலி பச்சையாக உட்கார்ந்திருந்தது.
சட்டையைக் கையில் பிடித்தபடி
குளிரில் கொஞ்ச நேரம் நின்றேன்.