இரண்டு எட்டு உள்ளே

வரைபடத்தில் பாதை போகும் இடத்தில்
இப்போது காற்றுதான் இருக்கிறது.
அதனால் இத்வாலின் உருளைக்கிழங்கு வயலுக்குள்
இரண்டு எட்டு தள்ளி நடக்கிறேன்.

வேல்ஸ் முடிகிற இடம்.
நெய்தலுக்கும் மருதத்துக்கும் நடுவே
ஒரு முள்கம்பி,
அதில் சிக்கிய ஆட்டு ரோமம்.
கீழே, வெகு கீழே,
கறுப்புப் பாறைமேல் சீல்கள் முனகுகின்றன,
அங்கேயும் ஒரு தொழுவம் இருப்பதுபோல.

வேலிக்கால்களைப் பிடுங்கி உள்ளே நடுகிறார் இத்வால்.
பத்துக் குளிர்காலத்தில் நான்காவது முறை.
"கடல் கேட்டு வாங்குவதில்லை.
நீங்களாவது
போகிறபோக்கில் ஒரு வணக்கம் சொல்கிறீர்கள்."
வாயில் ஆணிகள்,
பாதிதான் புரிகிறது.

போன வார மழையில் சரிந்த விளிம்பு.
கடைசிப் பாத்தி குறுக்கே வெட்டுப்பட்டிருக்கிறது.
மண்சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிறது
ஒரே ஒரு கிழங்கு,
அந்தரத்தில் வேர் ஆட.

அவர் மகள் கெய்ன்வென்
சட்டென்று குப்புறப் படுக்கிறாள்.
"பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறாள்.
பெயர் தெரிந்து ஐந்து நிமிடம் ஆன ஒருத்தியின்
கணுக்கால்கள் என் கைகளில்.
அவள் தோள்வரை கடலுக்கு மேலே.

இத்வால் சுத்தியலை நிறுத்தவில்லை.

எழுந்து, சட்டையில் துடைத்து,
அதை என் பையில் போடுகிறாள்:
"வேகவைத்தால் போதும்.
உப்பு வேண்டியிருக்காது."