தரக்கட்டுப்பாடு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபத்திரண்டு வருடம் கியூசி.
மயிரிழைக் கீறல் போதும்,
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன்.
தம்பியின் பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்த மறுநாள்
ஹாஸ்பிஸிலிருந்து ஒரு பாரம்:
எங்கள் சேவை எப்படி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

தாதி கவனித்தாரா?
மிஸ்ஸி கோகிலவாணி மோட்டாரில் வருவாள்,
சொட்டும் ரெயின்கோட்டை வாசலிலேயே கழற்றுவாள்.
மார்பீன் அளக்குமுன்
தவமணியின் கால்விரல்களைப் பார்ப்பாள்.
மடங்கியிருந்தால் வலிக்கிறது,
அவன் 'ஓகே' என்றாலும்.
எங்கள் லைனில் யாருக்கும் அந்தக் கண் இல்லை.

இரவில் போன் எடுத்தார்களா?
மூன்றாவது மணியில். எண்ணினேன், பழக்கம்.

தைப்பூசத்தன்று மட்டும்
ரதம் தண்ணீர்மலை நோக்கி, பாதையெல்லாம் அடைப்பு.
இரண்டு மணி பத்து நிமிடம்.
எங்கோ உறுமி.
ரைபிள் ரேஞ்ச் ஏழாம் மாடியில் இவன்
தலையணையைக் கடித்துக்கொண்டு.

இதை எழுதவா என்று அவளையே கேட்டேன்.
"பெரிசா எழுதுங்க அங்கிள்.
நான் சொன்னா கேக்கமாட்டாங்க."

எழுதினேன். அந்த வரிக்கு ஒன்று.
மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா
என்ற இடம் வந்ததும் பேனாவோடு எழுந்தேன்.
லிப்ட் ரிப்பேர்.
பதினோராம் மாடி, மிஸ்டர் ஊய் வீடு.
மனைவி கதவைத் திறந்தாள்.
உள்ளேயிருந்து வந்த முனகல் எனக்குத் தெரிந்ததுதான்.

சுவர்க் காலண்டரில் மிஸ்ஸியின் நம்பர் எழுதினேன்.
ஏப்ரல் தாளைப் புரட்டி,
செங் பெங் வாரம், கல்லறைக்குக் கார்கள் குவியும்,
முதல் நாளே மருந்து வாங்கி வையுங்கள் என்று
அவளுடைய சிவப்புப் பேனாவால்
ஒரு வட்டம்.