காத்திரு

பீளமேட்டில் ராத்திரி இரண்டேகால்.
கிளஸ்டர் 'காத்திரு' என்கிறது;
எனக்கு முன்னால் பதினோரு பேர்.

அங்கில்லாத நூலகங்கள், ஒத்துவராத பைத்தான்,
எல்லாம் கன்டெய்னருக்குள் அடைத்து
போசி மூடியை இறுக்கித் தூக்கிவந்துவிட்டேன்.
அடுப்புதான் காலியில்லை.

வெள்ளை ஈ மொய்த்த
பொள்ளாச்சித் தென்னோலைப் படங்கள் நாலாயிரம்
வட்டில் கிடக்கின்றன.

யாரோ ஒருவர் ஒன்பது மணிநேரமாக
ஒரு ஜிபியுவைப் பிடித்துவைத்து
ஒரு வரிகூட ஓட்டவில்லை.
'ஏனுங்க, நோட்புக்கைத் திறந்துபோட்டுட்டுத் தூங்கற
அந்த ஆளை எழுப்பிவிடுங்க'
என்று நிர்வாகி சம்பூரணத்துக்கு எழுதினேன்,
கொஞ்சம் காரமாகவே.

'அந்த ஆள் நீங்கதானுங்க.'

சாயங்காலம் டீக்குப் போகிற அவசரத்தில் திறந்தது.
முதல் கட்டத்தில் கர்சர்
இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூடினேன்.
பதினொன்று பத்தானது.
முகம் தெரியாத யாருடைய வேலையோ
ஓடத் தொடங்கியது.