இரண்டு கிலோ முந்நூறு

கல்லறைத் தோட்டக் கமிட்டிக்கு
நான் செயலாளர் ஆகி ஒன்பது வருஷம்.
குழி ஆறடி நீளம், மூணடி அகலம்.
சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால்
கட்டிய பிறகுதான் மணி அடிக்கும்.
திசையன்விளைக்குத் தெற்கே எங்கள் ஊரில்
இதற்கு மேல் சட்டம் தேவைப்பட்டதில்லை.

ஜெபக்கனியின் மகள் வந்தாள்,
மடியில் பச்சை பிளாஸ்டிக் ஜாடி.
லண்டனிலிருந்து
கைப்பையோடு கைப்பையாக வந்த அம்மா.
மூடியில் பேர், தேதி, ஒரு நம்பர்.
"எரிக்கணும்னு அம்மாவே எழுதி வச்சிருந்தா, மாமா.
தேரியில தூவிரணுமாம்.
யார்ட்ட அனுமதி வாங்கணும்?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
சடலம், சடலம் என்றே பக்கம் பூராவும்.
சிலுவையின் உயரம் இருக்கிறது,
ஆடு மேய்ந்தால் அபராதம் இருக்கிறது.
சாம்பல் ஒரே ஒரு இடத்தில்:
குப்பை எரித்த சாம்பலைத்
தோட்டத்துக்குள் கொட்டக் கூடாது.

பஞ்சாயத்து கிளார்க் சொன்னான்:
"எரிக்க ரசீது இருக்கு, புதைக்க ரசீது இருக்கு.
தூவுறதுக்கு எங்கிட்ட கட்டம் இல்லியே, அண்ணாச்சி."
தேரி காட்டிலாகா இடம்.
கார்டு தலையைச் சொறிந்தார்.
மண்ணை அள்ளினால் கேஸ்.
போட்டால்?
மேலே கேட்டு எழுதுகிறேன் என்றார்.
எழுதவில்லை.
ஐயர் மட்டும் யோசிக்கவே இல்லை.
தூவுறது நம்ம வழக்கம் இல்லை, குழி வெட்டச் சொல்லும்.

சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் என்னவாவது எழுத வேண்டுமே,
கருப்பட்டிக் கடைத் தராசில் வைத்தோம்.
இரண்டு கிலோ முந்நூறு.
எட்டாம் வகுப்பில் ஜெபக்கனி என்னைவிட உயரம்.
பொம்பளைப் பிள்ளை பனை ஏறக் கூடாது என்று
யாரோ சொன்னதற்காகவே ஏறியவள்.
இறங்கத் தெரியாமல் சாயங்காலம் வரை
மேலேயே இருந்தாள்.

காலையில் மாசிலாமணி
ஆறடிக் குழியை முழுசாக வெட்டி வைத்திருந்தான்.
"ஏலே, ஒரு தென்னம்பிள்ளைக் குழி போதாதா?"
"அதுக்கு என்ன கூலின்னு தெரியாதே, அண்ணாச்சி.
குறைச்சு வெட்டியும் பழக்கமில்ல."

ஜாடியை வாங்கும்போது
கை தன்னால் மேலே போனது.
அத்தனை இலேசு.
வழியில் கருப்பட்டிக் கடை திறந்துதான் இருந்தது,
போய் வைத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து நூறு கிராம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
செருப்பு வாரில், கணுக்காலில்,
காது மடலுக்குப் பின்னால்கூட
தேரியின் சிவப்பு.
ராத்திரி பூராவும் ஆடிக்காற்று
ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
நானும்தான் முழித்துக் கிடந்தேன்.

ஐயர் ஜெபித்தார். மாசிலாமணி மூடினான்,
அத்தனை மண்ணையும்.

பதிவேட்டில் எடைக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
நானே எழுதினேன்:
இரண்டு கிலோ முந்நூறு.
கையெழுத்து, முத்திரை.

மத்தியானம் தெற்கே இருந்து காற்று திரும்பியது.
மை காயுமுன்னே பக்கத்தின் மேல்
மெல்லிசாய் ஒரு படலம்.
ஊதாமல் மூடினேன்.