உறைமோர்

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில்
நூற்றுப் பத்து அறைகள்.
அத்தனைக்கும் கீழே என் அறை.
லிஃப்டில் அதற்குப் பொத்தான் இல்லை.
ஜெனரேட்டரைத் தாண்டி, நிற்கும் கார்களைத் தாண்டி
இரும்பு ஏணியில் இறங்கி வரவேண்டும்.

காலை ஏழு மணிக்குக் குளியல் வெள்ளம்,
பத்தரைக்கு அடுப்படியின் எண்ணெய்,
முகூர்த்த நாளென்றால் நள்ளிரவில் ரசம்.
எல்லாவற்றையும் தின்கிறவை
கண்ணுக்குத் தெரியாதவை.
காற்று மட்டும்தான் கேட்கும். புளோயர் ஓடினால் போதும்.
நல்ல நாளில் தொட்டி
புதுமழை விழுந்த கரிசலாய் மணக்கும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சனிக்கிழமை ஆறாம் மாடிக்கு
யாரோ பெரிய மனிதர் வருகிறாரென்று
ஜெயக்கொடி அக்காவிடம்
மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொடுத்து
கழிப்பறை கழிப்பறையாகக் கொட்டச் சொன்னார்கள்.
கொட்டினார். அவர் மேல் தப்பில்லை.
"வாடையெல்லாம் போச்சு தம்பி."
ஆமாம். போச்சு.

ஞாயிறு விடிய
லிட்டர் ஜாடியில் மொண்டு அரைமணி வைத்தேன்.
முந்நூறில் நிற்கவேண்டிய வண்டல்
முப்பதில் கிடந்தது, சாம்பலாக.
மேலே வெள்ளை நுரை.
"எழவு விழுந்த மாதிரி முழிக்கிறே,
யாரு செத்தா?" மேனேஜர் கேட்டார்.
எண்ணிக்கை சொல்லத் தெரியவில்லை.

வெல்லம் கரைத்தேன். சாணி கரைத்தேன்.
புதனன்று வாரியத்தார் பாட்டிலோடு வருவார்கள்.

ரிங் ரோட்டு ஓட்டலோடு எங்கள் ஓட்டலுக்குப் பேச்சில்லை,
ஏதோ ஒரு கல்யாண ஆர்டரைத் தட்டிப்போன தகராறு.
அங்கே கீழே இருப்பவர் மொக்கைச்சாமி.
கீழே இருக்கிறவர்களுக்குள் தகராறு கிடையாது.
"கொஞ்சம் உறை வேணும்ணே."
சிரித்தார். "எத்தனை டம்ளர்?"
"ரெண்டு டிரம்."

திங்கள் இரவு பதினொன்றரை.
குட்டியானையில் ஏற்றி, மூடியைத் துணியால் இறுக்கி வந்தோம்.
பாண்டி கோயில் பக்கம் போலீஸ் கைகாட்டினார்.
"உள்ளே என்ன?"
உயிர் என்று வாய்வரை வந்தது.
"மோரு சார்" என்றேன்.
திறந்து பார்த்தார்.
போ போ போ போ.

ஊற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
புதன்: ஐம்பது. வாரியத்தார் வரவில்லை, மீட்டிங்காம்.
அடுத்த திங்கள் நூற்றைத் தாண்டியது,
ஆறிப்போன டீயின் நிறத்தில்.
வாசல் அரளிக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன்.

டிரம் இரண்டும் ஏணிக்கடியில் கழுவிக் கவிழ்த்தபடி.
வாங்கிய பாத்திரத்தை
வெறுமையாகத் திருப்பக்கூடாதாம்.
என்ன போட்டுத் தருவதென்றுதான்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.